அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் நுண்ணுயிர்கொல்லி எதிர்ப்பும்: ஒரு சமுதாய நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவ உலகம் இரு பெரும் பேறுகளை அடைந்தது. ஒன்று, நோய் விளைக்கும் பற்றீரியாக்களை உடலினுள்ளேயே அழிக்கவல்ல மருந்து. மக்கள் வழக்கில் 'அன்ரிபயோட்டிக்' எனப்படும் நுண்ணுயிர்கொல்லி. மற்றையது, சாவின் விளிம்பில் நிற்பவரின் மூச்சையும் குருதியோட்டத்தையும் பொறிகளின் துணைகொண்டு தாங்கிநிற்கும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவு. ஏறத்தாழ ஒரே காலத்திற் பிறந்த இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தே வளர்ந்தன. இன்று முதலாவது தளர்ந்து வருகின்றது. அத்தளர்ச்சி மிகக் கூர்மையாக வெளிப்படும் இடம் இரண்டாவதாகும்.

நுண்ணுயிர்கொல்லி எதிர்ப்பினை மருத்துவருக்கும் ஆய்வுகூடத்தாருக்கும் மட்டுமே உரிய ஒரு நுட்பப் பிரச்சினையாகக் கருதும் போக்கு எம்மிடையே பரவலாக உள்ளது. அப்பார்வை போதியதன்று என்பதே எமது கருத்தாகும். மருந்தொன்றின் ஆற்றல் அதனை வாங்குபவரின் தனியுடைமையன்று. அது சமுதாயத்தின் பொதுச்சொத்து. அச்சொத்தின் தேய்வை நோயாளியின் கட்டிலருகே மட்டும் நின்று தடுத்துவிட முடியாது. இதனை நிறுவுமுகமாக, எதிர்ப்பு எவ்வாறு தோன்றுகின்றது, அது ஏன் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளிற் குவிகின்றது, அதன் வேர்கள் எங்கெங்கு ஊன்றியுள்ளன என்பவற்றை முறையே நோக்குவோம்.

1. இரு பிறப்புகள்

1928ஆம் ஆண்டில் அலெக்சாண்டர் பிளெமிங் பெனிசிலினின் செயலை அவதானித்தார். ஆயினும் அதனை மருந்தாக்கியவர்கள் ஒக்ஸ்போர்ட்டில் ஹவார்ட் புளோறி, ஏர்ன்ஸ்ட் செயின், நோர்மன் ஹீற்லி ஆகியோரும் அவர்தம் குழுவினருமாவர். 1941 பெப்ரவரியில் அல்பேட் அலெக்சாண்டர் என்னும் பொலிசுக்காரருக்கு அது ஊசிமூலம் ஏற்றப்பட்டது. முகத்தில் தொடங்கிய நோய்த்தொற்று உடலெங்கும் பரவியிருந்த நிலையில் அவர் தேறத் தொடங்கினார். மருந்து தீர்ந்துபோயிற்று. அவருடைய சிறுநீரிலிருந்துகூடப் பெனிசிலினைப் பிரித்தெடுத்து மீண்டும் ஏற்றினர், அதுவும் போதவில்லை. மார்ச்சு மாதத்தில் அவர் இறந்தார். மருந்து இல்லாமையால் நேர்ந்த சாவு அது. இன்று எமது கவனத்துக்குரியது மருந்து இருந்தும் பயனின்றி நேரும் சாவாகும்.

இரண்டாவது பிறப்பு டென்மார்க்கில் நிகழ்ந்தது. 1952ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகன் நகரை இளம்பிள்ளை வாதம் பெருந்தொற்றாகத் தாக்கியது. சுவாசத் தசைகள் செயலிழந்தோர் நாள்தோறும் பிளெக்டம் வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் இறந்தனர். உணர்விழப்பு மருத்துவரான பியோன் இப்சென், சத்திரசிகிச்சைக் கூடத்தில் மட்டும் கையாளப்பட்டுவந்த முறையொன்றை நோயாளர் விடுதிக்குக் கொண்டுவந்தார். வாதனாளியிற் துளையிட்டுக் குழாயைச் செருகி, இறப்பர்ப் பையைக் கையால் அமுக்கி, நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்துவதே அம்முறை. அத்தனை நோயாளருக்கும் போதிய பொறிகள் இல்லாதபடியால், ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறைவைத்து இரவுபகலாகப் பைகளை அமுக்கினர். 80 சதவீதத்தை விஞ்சியிருந்த இறப்பு வீதம் 40 சதவீதமளவிற்கு வீழ்ந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் அதே நகரில் இப்சென் நிறுவிய பிரிவே அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளின் முன்னோடியாகக் கொள்ளப்படுகின்றது.

வாதனாளியில் இடப்பட்ட அக்குழாய் மூச்சுக்கு வழி திறந்தது. அதே வழியைப் பற்றீரியாவுக்கும் திறந்துவிட்டது. மூக்கும் தொண்டையும் இருமலும் சளியை வெளித்தள்ளும் நுண்மயிர்களும் காத்துவந்த வாயிலைக் குழாய் கடந்து செல்கின்றது. பெரு நாளத்திற் செருகப்படும் குழாய்க்கும் சிறுநீர்ப்பையிற் செருகப்படும் கதீற்றருக்கும் இது பொருந்தும். உயிரைக் காக்கும் கருவி ஒவ்வொன்றும் உடலின் மதிலில் இடப்பட்ட ஒரு துளையாகும். அத்துளைகளை இத்தனை துணிவுடன் இட எமக்கு இயன்றமைக்குக் காரணம், உட்புகும் பற்றீரியாவை மருந்தால் அடக்கலாம் என்னும் உறுதியே. உறுப்பு மாற்றுச் சிகிச்சை, புற்றுநோய்ச் சிகிச்சை, குறைமாதக் குழந்தைகளின் பராமரிப்பு என்பனவும் அவ்வுறுதியின் மீதே எழுப்பப்பட்டவை.

2. எதிர்ப்பு என்பது யாது?

'அடிக்கடி மருந்து எடுத்ததால் உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது' எனப் பலர் கூறக் கேட்கின்றோம். இது தவறான விளக்கமாகும். நிர்ப்பீடனம் மனித உடலுக்குரிய பண்பு. இங்கு நாம் பேசும் எதிர்ப்பு பற்றீரியாவுக்குரிய பண்பு. மருந்தைத் தாங்கிநிற்கப் பெற்றது நோயாளியன்று, நோய்க்கிருமியே. இவ்வேறுபாட்டிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படும். வாழ்நாளில் ஒரு நுண்ணுயிர்கொல்லியையேனும் உட்கொள்ளாத ஒருவரையும் எதிர்ப்புள்ள பற்றீரியா தொற்றக்கூடும்.

பற்றீரியா 'கற்றுக்கொள்கிறது' என்று சொல்வதும் பொருத்தமற்றது. சாதகமான சூழலிற் சில இனங்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிகின்றன. இவ்வாறு பெருகும் கோடானுகோடிக் கலங்களிலே, பரம்பரையலகுகளைப் படியெடுக்கையில் ஏற்படும் பிழைகளால் விகாரங்கள் தோன்றிக்கொண்டேயிருக்கும். அவற்றுள் ஏதோவொன்று மருந்தைத் தாங்கும் இயல்பைத் தற்செயலாகப் பெற்றிருக்கலாம். பெரும்பாலும் அவ்விகாரத்துக்கு மருந்து காரணமன்று. ஆனால் போட்டியாளர் அனைவரையும் கொன்று, தாங்கிநிற்கும் அவ்வொன்றுக்கு முழு நிலத்தையும் ஒழித்துக் கொடுப்பது மருந்தேயாகும். டார்வின் விளக்கிய இயற்கைத் தேர்வு நோயாளியின் உடலினுள்ளே சில நாட்களில் நடந்தேறும் காட்சி இது.

தாங்கிநிற்கும் வழிகள் பலவாயினும் அவற்றை நான்காக வகுக்கலாம். முதலாவது, மருந்தைச் சிதைக்கும் நொதியத்தை ஆக்குதல். பெனிசிலினும் அதன் வழிவந்த மருந்துகளும் பற்றீரியாவின் கலச்சுவர் கட்டப்படுவதைத் தடுப்பவை. பீற்றா லக்ரமேசு எனப்படும் நொதியங்கள் அம்மருந்துகளின் மூலக்கூற்று வளையத்தையே உடைத்துவிடுகின்றன. இரண்டாவது, மருந்து சென்று பற்றும் இலக்கின் அமைப்பை மாற்றிக்கொள்ளுதல். மூன்றாவது, மருந்து உட்புகும் நுண்துளைகளைக் குறைத்தல். நான்காவது, உட்புகுந்த மருந்தை வெளியே இறைத்துத் தள்ளுதல். ஒரே கலத்தில் இவை பல ஒருங்கே அமைவதும் உண்டு.

இவ்வாயுதங்கள் மனிதன் மருந்து செய்யுமுன்னரே இருந்தவை. மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் பல தமக்குள் நிகழும் போட்டியில் இத்தகைய பொருட்களைச் சுரப்பதால், அவற்றுக்கெதிரான காப்பும் தொன்மையானது. கனடாவின் யூக்கொன் பகுதியில் 30,000 ஆண்டுகளாக உறைந்துகிடந்த மண்ணிலும் எதிர்ப்புப் பரம்பரையலகுகள் காணப்பட்டமை 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றால் தெரியவந்தது. பெனிசிலினைச் சிதைக்கும் நொதியத்தை ஏபிரகாமும் செயினும் 1940ஆம் ஆண்டிலேயே விவரித்தனர். அதாவது, முற்கூறிய பொலிசுக்காரருக்கு மருந்து ஏற்றப்படுமுன்னரே எதிர்ப்பின் முதற்சான்று அச்சேறிவிட்டது.

இன்னுமொரு கண்டுபிடிப்பு நிலைமையின் கடுமையை உணர்த்தியது. ஜப்பானில் வயிற்றளைச்சல் நோயை விளைக்கும் சிகெல்லா பற்றீரியா ஒரே வேளையில் பல மருந்துகளுக்கு எதிர்ப்புக் கொண்டிருந்தது. அவ்வெதிர்ப்பு ஒரு பற்றீரிய இனத்திலிருந்து வேறோர் இனத்துக்குக் கைமாறக்கூடியது என்பதை 1959ஆம் ஆண்டில் அந்நாட்டு அறிஞர்கள் காட்டினர். பிளாசுமிட்டு எனப்படும் சிறு டி.என்.ஏ. வளையங்களே இக்கைமாற்றத்தின் ஊர்திகள். ஒரு பிளாசுமிட்டிற் பல எதிர்ப்புப் பரம்பரையலகுகள் அடுக்காக அமைந்திருக்கக்கூடுமாதலால், ஒரு மருந்தின் பாவனை வேறு மருந்துகளுக்கான எதிர்ப்பையும் உடன் வளர்த்துவிடுகின்றது. எதிர்ப்பு பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குச் செல்வதோடு நில்லாது அயலாரிடமிருந்து அயலாருக்கும் செல்கின்றது என்பதே இதன் பொருள்.

3. ஏன் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில்?

2017 செப்டெம்பர் 13ஆம் நாள், 88 நாடுகளைச் சேர்ந்த 1,150 அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஒரே நாளிற் கணக்கெடுப்பொன்று நடத்தப்பட்டது. அன்று அங்கிருந்த 15,000 இற்கு மேற்பட்ட நோயாளரில் 54 சதவீதமானோருக்கு நோய்த்தொற்று உறுதியாகவோ ஐயத்துக்குரியதாகவோ இருந்தது. ஆனால் நுண்ணுயிர்கொல்லி பெற்றுக்கொண்டிருந்தோர் 70 சதவீதமாவர். இவ்விடைவெளியின் ஒரு பகுதி, சத்திரசிகிச்சையின்போது முற்காப்பாக வழங்கப்படும் மருந்தைக் குறிக்கும். எவ்வாறாயினும், எந்தவொரு நாளிலும் பத்தில் ஏழு பேரின் உடலில் மருந்து ஊறிநிற்கும் இடம் வேறெதுவும் சமுதாயத்தில் இல்லையெனலாம். இயற்கைத் தேர்வுக்கு இதனினும் கடுமையான களம் அரிது.

இக்களத்தில் மூன்று காரணிகள் ஒன்றுசேர்கின்றன. முதலாவது, மேற்கூறிய துளைகள். குழாய்களின் மேற்பரப்பிலே பற்றீரியாக்கள் பசைபோன்ற படலத்தைத் தாமே அமைத்து, அதனுள் மருந்தும் வெண்குருதிக் கலங்களும் எளிதில் அணுகாவண்ணம் வாழ்கின்றன. இரண்டாவது, குடல். அங்கு இயல்பாக வாழும் எண்ணற்ற பற்றீரியாக்கள் அந்நிய இனங்களுக்கு இடமளிப்பதில்லை. வீச்சுமிக்க மருந்துகள் இக்காவலரைக் கொன்றுவிட, எதிர்ப்புள்ள கிளெப்சியெல்லா போன்றவை அங்கே குடியேறுகின்றன. நோய் எதனையும் காட்டாது வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் அவை தங்கியிருக்கக்கூடும். மூன்றாவது, கைகள். ஒரு நோயாளியைத் தாதியும் மருத்துவரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் நாளொன்றுக்குப் பலமுறை தொடவேண்டியுள்ளது. அசினெட்டோபக்டர் போன்ற இனங்கள் கட்டிற் சட்டத்திலும் பொறிகளின் பொத்தான்களிலும் உலர்ந்த நிலையில் வாரக்கணக்கில் உயிர்வாழ வல்லவை.

இங்கு மருத்துவர் எதிர்கொள்ளும் இக்கட்டினை நாம் நேர்மையாக விளங்கிக்கொள்ளல் வேண்டும். நள்ளிரவில் ஒருவரின் குருதியழுத்தம் வீழ்கின்றது. குருதியில் நோய்த்தொற்று பரவியிருப்பதற்கான அறிகுறிகள் தெரிகின்றன. எப்பற்றீரியா, எம்மருந்துக்கு அது பணியும் என்பதை அறிய வழமையான வளர்ப்புச் சோதனைக்கு இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். அதிர்ச்சி நிலையிலுள்ள அந்நோயாளிக்கோ ஒரு மணித்தியாலத்துள் மருந்து வேண்டும். அந்நிலையில் மிக விரிந்த வீச்சுடைய மருந்தை அவர் தெரிவுசெய்வாராயின் அதனைத் தவறெனல் இயலாது. தனித்தனியே நோக்கின் ஒவ்வொரு முடிவும் நியாயமானது. அம்முடிவுகள் அனைத்தும் திரண்ட விளைவோ அடுத்த கட்டிலில் இருப்பவருக்குக் கேடாகின்றது. தனிமனித நியாயத்துக்கும் பொது நன்மைக்கும் இடையேயான இம்முரண்பாடே பிரச்சினையின் மையமாகும்.

எதிர்ப்பு வளருந்தோறும் மருந்துகளும் படிப்படியாக உயர்ந்தன. பெனிசிலினைச் சிதைக்கும் ஸ்ரபிலொக்கொக்கசுக்கெதிராக 1959ஆம் ஆண்டில் மெதிசிலின் வந்தது. 1961ஆம் ஆண்டிலேயே அதற்கும் எதிர்ப்புள்ள வகை பிரித்தானியாவில் அறிவிக்கப்பட்டது. பின்னர் செபலோஸ்போரின் வகைகள் தலைமுறை தலைமுறையாக வந்தன. 1980களின் நடுப்பகுதியிலிருந்து கார்பபெனெம் மருந்துகள் கடைசி அரணாயின. அவ்வரணை உடைக்கும் கே.பி.சி. என்னும் நொதியம் 1996ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் வட கரோலினாவிற் பெறப்பட்ட கிளெப்சியெல்லா ஒன்றிற் கண்டறியப்பட்டு, 2001ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

4. பெதெஸ்டாவின் படிப்பினை

வசதி குறைந்த வைத்தியசாலைகளிலேயே இத்தகைய தொற்றுப் பரவும் என எண்ணுவோர் உளர். ஐக்கிய அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்திலே, பெதெஸ்டாவில் அமைந்த தேசிய சுகாதார நிறுவகங்களின் ஆய்வு வைத்தியசாலையில் 2011ஆம் ஆண்டில் நடந்தவற்றை அவர்கள் நோக்குதல் தகும். உலகிலேயே மிகுந்த ஆய்வு வசதிகள் கொண்ட வைத்தியசாலைகளுள் அது ஒன்றாகும்.

அவ்வாண்டு யூன் மாதத்தில் நியூயோர்க்கிலிருந்து ஒரு நோயாளி அங்கு மாற்றப்பட்டார். கார்பபெனெமுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா அவரிடம் உண்டென்பது முன்கூட்டியே தெரிந்திருந்தது. தனிமைப்படுத்தல், கையுறை, மேலங்கி என விதிக்கப்பட்ட காப்புகள் யாவும் கைக்கொள்ளப்பட்டன. யூலை நடுப்பகுதியில் அவர் வீடு திரும்பினார். ஆபத்து நீங்கியதெனத் தோன்றிய வேளையில், ஓகத்து முற்பகுதியில் வேறொரு நோயாளியிடம் அப்பற்றீரியா காணப்பட்டது. பின்னர் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருவராக எண்ணிக்கை கூடிற்று. ஆண்டு முடிவதற்குள் மொத்தம் 18 பேர் பாதிக்கப்பட்டனர்; அவர்களுள் 11 பேர் இறந்தனர். அவற்றுள் ஆறு இறப்புகளுக்கு இத்தொற்றே காரணமென ஆய்வாளர் 2012ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையிற் கூறினர்.

எங்கிருந்து எங்கே சென்றது என்பதை அறிய, ஆய்வாளர்கள் ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் பெற்ற பற்றீரியாவின் டி.என்.ஏ.யை முழுமையாக வாசித்தனர். ஏறத்தாழ 60 இலட்சம் எழுத்துகள் கொண்ட அத்தொடரில் ஒருவருக்கும் மற்றவருக்குமிடையே ஒரு சில எழுத்துகளே வேறுபட்டன. அவ்வேறுபாடுகளைத் தடமாகக் கொண்டு நோக்கியபோது, தொற்று முழுவதும் முதல் நோயாளியிடமிருந்தே வந்தது என்பதும், அவரிடமிருந்து குறைந்தது மூன்று தனித்தனி வழிகளிற் பரவியது என்பதும் புலனாயின. நோய் கண்டறியப்பட்ட ஒழுங்கும் தொற்றிய ஒழுங்கும் ஒன்றாயிருக்கவில்லை. இடையில் இருந்தோர் சிலர் எவ்வித அறிகுறியுமின்றிக் குடலில் அதனைச் சுமந்திருந்தனர். தூய்மை செய்யப்பட்ட சுவாசப் பொறியொன்றிலும், கைகழுவும் தொட்டிகளின் வடிகுழாய்களிலும் அது காணப்பட்டது. சுவரெழுப்பித் தனிப் பிரிவு அமைத்தும், குழாய்களைக் கழற்றியும், கைகழுவலைக் கண்காணிக்கவென ஆட்களை நியமித்தும், நோயாளர் அனைவரையும் ஒழுங்காகச் சோதித்துமே பரவல் கட்டுப்படுத்தப்பட்டது.

இந்நிகழ்விலிருந்து இரு படிப்பினைகள் பெறப்படும். நோயாளர் என நாம் எண்ணுவோர் தொற்றியவருள் ஒரு பகுதியினரே. மறைந்துள்ளோரைத் தேடாத கட்டுப்பாடு பயனற்றது. இரண்டாவது, செல்வமும் நுட்பமும் நிறைந்த இடத்திலேயே இத்தனை முயற்சி வேண்டியதாயின், ஒரு தாதி பல கட்டில்களைப் பார்க்கவேண்டியுள்ள இடத்தில், குழாயில் நீர் ஒழுங்காக வராத இடத்தில், நிலைமை யாதாகும் என்பதை நாமே ஊகித்துக்கொள்ளலாம். கைகழுவாமையைத் தனிமனித ஒழுக்கக் குறைபாடாக மட்டும் காண்பது நியாயமன்று. ஆளணியும் நீரும் நேரமும் இருந்தாலன்றி அவ்வொழுக்கம் நடைமுறைக்கு வராது.

5. கொலிஸ்ரின்: பண்ணையிலிருந்து கட்டிலுக்கு

வைத்தியசாலைச் சுவர்களுக்கு வெளியே நிகழ்பவை உள்ளேயிருக்கும் நோயாளியின் கதியை எங்ஙனம் நிர்ணயிக்கின்றன என்பதற்குக் கொலிஸ்ரின் என்னும் மருந்தின் வரலாறு தக்க சான்றாகும். 1940களின் இறுதியில் ஜப்பானில் மண் பற்றீரியா ஒன்றிலிருந்து பெறப்பட்ட இம்மருந்து, சிறுநீரகத்துக்கும் நரம்புகளுக்கும் ஊறு விளைப்பதாற் காலப்போக்கிற் பெரிதும் கைவிடப்பட்டது. வேறு மருந்துகள் பலனற்றுப் போகவே, 1990களிலிருந்து அது மீண்டும் தேடி எடுக்கப்பட்டது. நஞ்சென ஒதுக்கிய மருந்தே இறுதி நம்பிக்கையாகத் திரும்பி வந்தமை நிலைமையின் நெருக்கடியைக் காட்டும்.

ஆனால் அது ஒதுக்கப்பட்டிருந்த காலத்திலும் ஓய்ந்திருக்கவில்லை. மலிவான மருந்தாதலால், பல நாடுகளிற் பன்றிகளுக்கும் கோழிகளுக்கும் தீனியோடு கலந்து வழங்கப்பட்டது. நோயைக் குணமாக்குவதற்கு மட்டுமன்றி, விலங்குகள் விரைந்து கொழுப்பதற்காகவும் அவ்வாறு செய்யப்பட்டது. 2015 நவம்பரில், சீன ஆய்வாளர்களும் அவர்களது கூட்டாளிகளும் கொலிஸ்ரினுக்கு எதிர்ப்பளிக்கும் எம்.சி.ஆர்.-1 என்னும் பரம்பரையலகைப் பிளாசுமிட்டொன்றிற் கண்டதாக அறிவித்தனர். கைமாறக்கூடிய கொலிஸ்ரின் எதிர்ப்பு அறியப்பட்டது அதுவே முதற்றடவை. அவர்கள் சோதித்த ஈ. கோலை மாதிரிகளில், இறைச்சிக்கான விலங்குகளிலிருந்து பெற்ற 804 இல் 166 உம், பச்சை இறைச்சியிலிருந்து பெற்ற 523 இல் 78 உம் அதனைக் கொண்டிருந்தன. வைத்தியசாலை நோயாளரிடமிருந்து பெற்ற 1,322 கிளெப்சியெல்லா, ஈ. கோலை மாதிரிகளிலோ 16 மட்டுமே அதனைக் கொண்டிருந்தன. விலங்குகளில் மிகுந்தும் மனிதரிற் குறைந்தும் காணப்பட்ட இவ்வொழுங்கு, எதிர்ப்பு எத்திசையிலிருந்து எத்திசை நோக்கி வருகின்றது என்பதைச் சுட்டுவதாக உள்ளது. 2017ஆம் ஆண்டில் சீனா கொலிஸ்ரினை வளர்ச்சியூக்கியாகத் தீனியிற் கலப்பதை நிறுத்தியது. 2019ஆம் ஆண்டில் இந்தியா உணவுக்கான விலங்குகளில் அதன் பாவனையைத் தடைசெய்தது.

எதிர்ப்பின் பாதை பண்ணையோடு முடிவதுமில்லை. 2008ஆம் ஆண்டில் தோன்றியதாக அறியப்பட்டு மறு ஆண்டில் விவரிக்கப்பட்ட என்.டி.எம்.-1 என்னும் கார்பபெனெம் சிதைக்கும் நொதியத்தின் பரம்பரையலகு, புதுதில்லியில் எடுக்கப்பட்ட 171 தேங்குநீர் மாதிரிகளில் 51 இலும், 50 குழாய்நீர் மாதிரிகளில் இரண்டிலும் இருந்ததாக 2011ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு காட்டிற்று. கழிவுநீர் வடிகாலும் குடிநீர்க் குழாயும் மருத்துவத்துக்குப் புறம்பானவையெனக் கருதுவது இனிப் பொருந்தாது.

6. கட்டிலருகே செய்யக்கூடியவை

இவ்வாறெல்லாம் கூறுவதனால், வைத்தியசாலைக்குள் எதுவும் செய்வதற்கில்லை என நாம் முடிவு செய்தல் கூடாது. செயற்கைச் சுவாசத்தில் இருப்போருக்கு ஏற்படும் நியூமோனியாவுக்கு எத்தனை நாள் மருந்து வேண்டும் என்பதைப் பிரான்சின் 51 அதிதீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 401 நோயாளரைக் கொண்டு ஆராய்ந்து, 2003ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். 8 நாட்கள் பெற்றோருக்கும் 15 நாட்கள் பெற்றோருக்கும் இறப்பு வீதத்திற் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. மீண்டும் நுரையீரற் தொற்று ஏற்பட்டவர்களை நோக்கின், பல மருந்து எதிர்ப்புள்ள பற்றீரியா குறுகிய காலம் பெற்றோரில் 42 சதவீதமாகவும் நெடுங்காலம் பெற்றோரில் 62 சதவீதமாகவும் காணப்பட்டது. சூடோமோனாசு போன்ற சில இனங்களால் ஏற்பட்ட தொற்று குறுகிய சிகிச்சையின் பின் மீளத் தோன்றுவது கூடுதலாக இருந்தமையையும் இங்கு மறைக்கலாகாது. ஒரே விதி எல்லா நோயாளருக்கும் பொருந்தாது; எனினும் பழக்கத்தால் நீட்டப்படும் மருந்து பயனின்றிக் கேடு செய்யக்கூடும் என்பது தெளிவாயிற்று.

1945 டிசம்பரில் நோபல் பரிசைப் பெற்று ஆற்றிய உரையிலே பிளெமிங் ஓர் எச்சரிக்கை விடுத்தார். தொண்டைப் புண்ணுக்காகப் போதிய அளவின்றிப் பெனிசிலினை உட்கொள்ளும் ஒருவர், தம்மிடம் தேறிய எதிர்ப்புள்ள கிருமியைத் தம் மனைவிக்குத் தொற்றச்செய்ய, மருந்து பலிக்காமல் அம்மனைவி இறந்துவிடுவதாக அவர் கற்பனையான நிகழ்ச்சியொன்றைக் கூறினார். அளவு குறைதலையே அவர் அன்று அஞ்சினார். தேவைக்கு மிஞ்சிய பாவனையும் அதேயளவு ஆபத்தானது என்பதை இன்று நாம் அறிவோம். அக்கதையில் எமது கவனத்தைக் கவர்வது வேறொன்று. தவறிழைத்தவர் ஒருவர், உயிரிழந்தவர் மற்றொருவர். இவ்விடைவெளி இன்று ஒரு குடும்பத்துக்குள் அடங்காது, பண்ணைக்கும் வைத்தியசாலைக்கும் இடையே, நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையே விரிந்துவிட்டது.

7. பொதுச்சொத்தும் அதன் பராமரிப்பும்

எமது வறண்ட பிரதேசங்களில் ஊர்க்குளத்து நீரைப் பங்கிட்டு வாழ்ந்த மக்களுக்கு இத்தகைய முரண்பாடு புதியதன்று. மதகருகே வயலுடையவர் தேவைக்கு மேலாக நீரைத் திருப்பினால் அவருடைய பயிர் உடனே வாடுவதில்லை. வாய்க்காலின் கடைக்கோடியில் உள்ளவரின் வயலே முதலில் வெடிக்கும். அதிதீவிர சிகிச்சைப் பிரிவு அக்கடைக்கோடி வயலைப் போன்றது. சாதாரண தடிமனுக்கு நுண்ணுயிர்கொல்லி கேட்டு வாங்குபவரும், கேட்டவுடன் விற்பவரும், தீனியிற் கலப்பவரும், ஆலைக் கழிவை ஆற்றில் விடுபவரும் அதன் விளைவை நேரிற் காண்பதில்லை. அங்கே பொறியிற் பிணைக்கப்பட்டுக் கிடப்பவரும் அவரருகே நிற்கும் தாதியுமே அதனைக் காண்கின்றனர். குளத்தைக் காத்தது தனிமனிதரின் நல்லெண்ணம் மட்டுமன்று; ஊர் கூடி விதித்த முறையும் அதனை நடைமுறைப்படுத்திய பொறுப்புமே.

சந்தையின் இயக்கம் இப்பொறுப்பை ஏற்க இயலாதென்பதற்கு அண்மைக்காலச் சான்றொன்று உண்டு. கார்பபெனெம் எதிர்ப்புள்ள பற்றீரியாக்களுக்கு எதிராகச் செயற்படும் பிளாசோமைசின் என்னும் புதிய மருந்து 2018 யூன் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதனை உருவாக்கிய அக்கேயோஜென் நிறுவனம் 2019 ஏப்பிரலில் வங்குரோத்து நிலையை அறிவித்தது. காரணம் விந்தையானதன்று. புதிய நுண்ணுயிர்கொல்லியை இயன்றவரை பாவிக்காது சேமித்து வைப்பதே அறிவுடைமை. இயன்றவரை கூடுதலாக விற்பதே நிறுவனத்தின் வாழ்வு. சமுதாயத்தின் தேவையும் இலாபத்தின் தேவையும் இவ்வளவு நேரெதிராக நிற்கும் பண்டம் வேறு அரிது. ஆகவே ஆராய்ச்சிச் செலவை விற்பனையளவிலிருந்து பிரித்து, பொதுநிதியாற் பொறுப்பேற்கும் ஏற்பாடுகள் இன்றியமையாதனவாகின்றன.

இவ்விடத்து எமது நாட்டின் அனுபவம் நினைவுகூரத்தக்கது. மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் இணைந்து 1971ஆம் ஆண்டில் அளித்த அறிக்கையின் வழியே, அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருப்பெற்றது. தேவையான மருந்துகளின் பட்டியலைச் சுருக்குதல், வணிகப் பெயரைத் தவிர்த்து மூலப்பெயரால் வழங்குதல், மருந்து பற்றிய தகவலை விற்பனையாளரிடமிருந்தன்றிச் சார்பற்ற அறிஞரிடமிருந்து பெறுதல் என்பன அவரது கொள்கையின் கூறுகள். ஏழை நாடொன்று கட்டுப்படியாகும் விலையில் நல்ல மருந்தைப் பெறவேண்டும் என்பதே அன்று முன்னின்ற நோக்கம். 1977ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். தேவைக்கேற்ற அளவான பாவனை என்னும் அவரது கோட்பாட்டுக்கு இன்று விலையைவிடவும் வலுவான மற்றொரு காரணம் சேர்ந்துள்ளது. தேவையற்ற ஒவ்வொரு குளிகையும் பணத்தை மட்டுமன்றி மருந்தின் ஆற்றலையும் வீணாக்குகின்றது. இலங்கையில் நுண்ணுயிர்கொல்லி எதிர்ப்பினை எதிர்கொள்வதற்கான தேசிய உபாயத் திட்டம் 2017 முதல் 2022 வரையான காலத்துக்கென வகுக்கப்பட்டது. திட்டங்கள் தாளில் நில்லாது மருந்தகத்தின் விற்பனை மேசைக்கும் பண்ணைக்கும் ஆய்வுகூடத்துக்கும் சென்றடைய வேண்டுமாயின், அவற்றைக் கோரும் மக்கள் கருத்து உருவாதல் அவசியம்.

ஆயினும் கட்டுப்பாடு என்ற பெயரில் வறியோரிடமிருந்து மருந்தைப் பறிக்கும் நிலை ஏற்படலாகாது. 2019ஆம் ஆண்டில் எதிர்ப்புள்ள பற்றீரியாவால் நேரடியாக 12.7 இலட்சம் பேர் இறந்தனர் என்றும், அதனோடு தொடர்புடைய இறப்புகள் 49.5 இலட்சம் என்றும் 2022இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகின்றது. இறப்பு வீதம் மிகக் கூடுதலாகக் காணப்பட்ட பகுதி மேற்கு ஆபிரிக்காவாகும். மருந்தை மிகக் கூடுதலாகப் பாவிப்போர் மட்டுமே இதற்கு விலை செலுத்துகின்றனர் என எண்ணுவது பிழை. தூய நீர், கழிவகற்றல், தடுப்பூசி, சோதனை வசதி, உரிய மருந்து ஆகியவை கிட்டாதோரே பெருவிலை செலுத்துகின்றனர். நோய்த்தொற்று நேராமலே தடுக்கும் ஒவ்வொரு கிணறும் கழிவறையும் தடுப்பூசியும் ஒரு நுண்ணுயிர்கொல்லியைச் சேமிக்கின்றது. 2030ஆம் ஆண்டளவில் இவ்விறப்புகளைப் பத்திலொரு பங்கு குறைப்பதென 2024 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் நாடுகள் உடன்பட்டன. இலக்கு சிறியதே, அதனை அடைவதற்கான வழியோ சமுதாய வாழ்வின் எல்லாத் துறைகளையும் தொட்டுச் செல்வது.

கோப்பன்ஹேகனில் இறப்பர்ப் பையை அமுக்கிய அம்மாணவர்கள் ஒவ்வொருவரும் தமது முறை முடிந்ததும் பையை அடுத்தவரின் கையில் ஒப்படைத்தே எழுந்தனர். இடையில் ஒருவர் கைவிட்டிருப்பின் மூச்சு நின்றிருக்கும். மருந்தின் ஆற்றலும் எமக்கு முன்னோரால் அவ்வாறே ஒப்படைக்கப்பட்டதொன்று. அதனை அடுத்த தலைமுறையிடம் பழுதின்றிக் கையளிக்கும் கடமை மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. அது எம் அனைவரையும் சார்ந்ததாகும்.